பவரக்காவுக்கு ஏற்ற மெயில் நிரல்

எங்கள் லென்ஸ் பட்டறையில் அவருக்குப் பவரக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. முதலாளிகூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கண்ணாடிக் கடைகளிலிருந்து வரும் சீட்டுகளைப் படித்து, எந்தக் கண்ணுக்கு என்ன பவர், எத்தனை டிகிரி கோணம், இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வேலை அட்டையில் எழுதி உள்ளே அனுப்புவதுதான் அவர் வேலை. அட்டையில் அவர் எழுதுவது எதுவோ அதைத்தான் இயந்திரம் அரைக்கும். ஒரு கோடு தவறினால் ஒரு ஆளுக்குத் தலைவலி. இருபத்தாறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒருமுறை ஏழு வயதுப் பிள்ளைக்கு வந்த சீட்டில் வலது கண்ணுக்குப் பிளஸ், இடது கண்ணுக்கு மைனஸ், இரண்டிலும் ஒரே எண். எழுதியதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பழைய அட்டைகளைத் தோண்டி எடுத்து, அந்தப் பிள்ளைக்கு இரண்டு கண்ணுமே மைனஸ் என்று கண்டுபிடித்து, டாக்டரையே போனில் கூப்பிட்டுக் கேட்டார். மறுமுனையில் டாக்டர் மன்னிப்புக் கேட்டாராம். "உலகத்துல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியாது, மீதிப் பேரு தெரிஞ்சும் பாக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

நான் அவருக்கு எதிர் மேசை. முடிந்த கண்ணாடிகளைப் பெட்டியில் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் பிரிவு. கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் பிரிண்டர் விக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆலையில்லாத அந்த ஊருக்கு நான்தான் இலுப்பைப்பூச் சர்க்கரை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் என்னை, "வா தம்பி, போ தம்பி" என்றுதான் பேசுவார்.

அவருக்குச் சொந்தத் தம்பி ஒருவன் இருந்தான். பதினோரு வயது இளையவன். அவனுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அப்பா கப்பல் வேலை. வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டுவார். பதினைந்து வயதிலேயே அக்கா அவனுக்குப் பல் தேய்த்துவிட்டு, தலை சீவிவிட்டு, பள்ளியில் கொண்டுபோய் விட்டு, பிறகு தான் படிக்கப் போனார். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவரே முன்னால் வந்து, "நான் வந்தா அவனும் வருவான்" என்று சொன்னதில் இரண்டு இடம் கைவிட்டுப் போயிற்று. மூன்றாவதாக வந்தவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கூட ஒரு ஆள் இருந்தால்தான் வீடு வீடு மாதிரி இருக்கும் என்றாராம். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு குறையாக அவர்கள் பேசியதும் இல்லை. வளர்க்க ஒருவன்தான் இருந்தானே.

தம்பி வெல்டிங் கற்றுக்கொண்டான். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வான். கைவேலை சுத்தம். முப்பத்தொரு வயதில், பற்றவைக்கும்போது பறக்கிற பொறிகள் தன்னிடம் ஏதோ சொல்கின்றன என்று சொல்ல ஆரம்பித்தான். முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, ஊசி. ஒழுங்காக மாத்திரை போட்டால் ஒரு வருடம் நன்றாக இருப்பான். நன்றாக இருக்கிறோமே, இனி எதற்கு என்று நிறுத்துவான். மறுபடி முதலிலிருந்து. இப்படியே பன்னிரண்டு வருடம்.

கடைசித் தடவை மாத்திரையை நிறுத்தியபோது, அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் வீட்டில் ஒரு கதவும் இல்லை. ஏழு கதவையும் கழற்றி, கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டு, கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தான். குளியலறைக் கதவு உட்பட. காலையிலிருந்து அட்டை எழுதிய களைப்பு அவருக்கு. பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே கேட்டாராம்.

"உன்னால எனக்கு ஒரு நாளாச்சும் நிம்மதி உண்டா? எங்கயாச்சும் போயேன்."

அவன் குனிந்து முதல் கதவைத் தூக்கினான். இரண்டு மணி நேரத்தில் ஏழு கதவையும் திரும்ப மாட்டிவிட்டான். ஒரு கதவும் கிறீச்சிடவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் படுக்கை மடித்து வைத்திருக்கிறது, போன் மேசைமேல் இருக்கிறது, ஆள் இல்லை.

அதன்பிறகு அவர் என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிடவில்லை. "நீங்க", "வாங்க" என்று மாறிவிட்டார். நானும் ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் படத்தைப் போட்டு, காணவில்லை என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பசை வாளியோடு பஸ் ஏறி ஒவ்வொரு ஊராகப் போய் ஒட்டினார்கள். முதலில் நோட்டீசில் இருந்தது அக்காவின் போன் நம்பர். மூன்று வாரம் போன் ஓயவில்லை. நல்லது சொன்னவர் நாலு பேர் என்றால் சிரித்துவிட்டு வைத்தவர்கள் நாற்பது பேர். பட்டறையில் வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. எடுக்காமல் விட்டால், அந்த அழைப்பாக இருந்திருக்குமோ என்று அவர் கவனம் சிதறும். கவனம் சிதறினால் அட்டை கெடும். நம்பருக்குப் பதிலாக மெயில் முகவரி போடலாம், எழுதியது எங்கேயும் போகாது, சாவகாசமாகப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னது நான்.

எழுதியது எங்கேயும் போகாது. இந்த வார்த்தையை நான் சொன்னது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

பட்டறை கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி அக்கா வீட்டில் வைத்தேன். அங்கே இணையம் வரும், போகும். வருவதைவிடப் போவது அதிகம். அதனால் மெயிலெல்லாம் தானாகவே இறங்கிக் கம்ப்யூட்டரிலேயே உட்காருகிற மாதிரி ஒரு நிரல் வேண்டும். அக்காவுக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். பழைய வேலை அட்டை ஒன்றைத் திருப்பி அதன் முதுகில் எழுதினார். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். படம் வந்தால் அங்கேயே திறக்க வேண்டும். ஊர் ஊராகப் பிரித்து வைக்க வேண்டும். லைன் இல்லாதபோதும் பழையதைப் படிக்க வேண்டும். கண்ணாடிக்குச் சீட்டு எழுதுவது மாதிரியே எழுதிக்கொடுத்தார்.

முதலில் கம்ப்யூட்டரோடு வந்த நிரலையே வைத்துப் பார்த்தோம். அது ஒரே தலைப்பில் வரும் கடிதங்களையெல்லாம் ஒரு பேச்சு என்று நினைத்து ஒன்றாகக் கட்டிவிடும். அக்காவுக்கு எழுதுகிறவர்கள் எல்லாருமே 'காணவில்லை' என்றுதான் தலைப்பிட்டார்கள். அறுபத்திரண்டு பேர் எழுதியது ஒரே கடிதம் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக்கொண்டு கிடந்தது. துறைமுகத்தில் பார்த்ததாக எழுதியவர் யார், கல்குவாரிப் பக்கம் பார்த்ததாக எழுதியவர் யார் என்று தெரியாமல், ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டார் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆளே இல்லாத ஒரு குவாரியில் வெயிலில் நின்றுவிட்டு வந்தார்கள்.

அடுத்தது பெரிய கம்பெனிகளில் வைத்திருக்கும் நிரல். நாட்காட்டி, நினைவூட்டல், கூட்டம், முகவரிப் புத்தகம் எல்லாம் அதற்குள்ளே. குருவி தலையில் பனங்காயை வைத்த கதை. அந்தக் கம்ப்யூட்டரில் அது திறப்பதற்குள் வெந்நீர் கொதித்து ஆறிவிடும். திறந்ததும் முதல் வேலையாக, 'இன்று உங்களுக்குச் சந்திப்பு எதுவும் இல்லை' என்று காட்டும். தினம் காலையில் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, "இத எடுத்துடுங்க" என்றார். காரணம் சொல்லவில்லை. எனக்கும் அதை நிறுத்திவைக்கத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது சின்ன நிரல். யாரோ இலவசமாகச் செய்து கொடுத்தது. சட்டென்று திறக்கும். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். கடிதத்தில் ஓர் ஊரின் பெயர் இருந்தால் அந்த ஊரின் ஃபோல்டருக்குத் தானே போய்ச் சேரும்படி விதி எழுதி வைக்கலாம். அதோடு குப்பையைப் பிரிக்கும் ஏற்பாடும் இருந்தது. இது குப்பை என்று நாம் ஒரு கடிதத்தைக் காட்டிக்கொடுத்தால் அதன் சாயலைக் கற்றுக்கொண்டு, அடுத்து அதேபோல வருவதை அதுவே குப்பை ஃபோல்டரில் தள்ளிவிடும்.

அக்காவுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பிடித்தது. ஏன் பிடித்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். முகம் தெரியாத ஆட்கள் எழுதிய எழுத்து அப்படி. உன் தம்பியை நான்தான் முடித்தேன் என்று ஒருவன். ஓர் ஆள் தினம் ஒரு பிணத்தின் படத்தை எங்கிருந்தோ எடுத்து அனுப்பி, இவனா, இவனா என்று கேட்பான். தலைப்பு இருக்காது, ஒரு படம், இரண்டே வரி. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு அக்கா பட்டறைக்கு வரும்போது முகம் சுண்ணாம்பாக இருக்கும். "அத நான் பாக்காம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா?" என்று அவர்தான் கேட்டார். தினமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குப்பை, குப்பை என்று அந்த நிரலுக்குக் காட்டிக் கொடுத்தார். அவர் எதைச் செய்தாலும் அப்படித்தான், பிசிறில்லாமல் செய்வார். ஒரு மாதத்தில் அது நன்றாகவே கற்றுக்கொண்டது.

"அதுல நல்லது ஏதாச்சும் மாட்டிக்கிச்சுன்னா?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து குப்பைய ஒரு பார்வை பாத்துட்டு காலி பண்ணிடறேன்கா. நீங்க அந்தப் பக்கமே போக வேணாம்" என்றேன்.

என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சொன்னபடி சனிக்கிழமை சாயங்காலம் போவேன். மாமா நாற்காலி இழுத்துப் போடுவார். முதல் மூன்று மாதம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு நல்ல கடிதங்கள் அகப்பட்டன. அவற்றில் சொன்ன இரண்டு ஆளும் தம்பி இல்லை என்றாலும் அகப்பட்டன. பிறகு குப்பை பெருகிவிட்டது. வாரத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது. விளம்பரம், வசவு, படம். திறந்து பார்ப்பதை விட்டு, தலைப்பை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் திரையில் தெரிகிற முதல் இருபது வரியை மட்டும் பார்த்துவிட்டுக் காலி செய்ய ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் காரணம் இல்லை. உடம்புக்கு முடியாமல் இல்லை, வீட்டில் பிரச்சினை இல்லை. சலித்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்தவர் துக்கம் எத்தனை நாளைக்கு நம் தோளில் உட்காரும்?

அக்கா ஒவ்வொரு வாரமும் சமையலறையிலிருந்து கேட்பார், குப்பையில் ஏதாவது உண்டா என்று. "ஒண்ணும் இல்லக்கா" என்பேன்.

இன்பாக்சில் கடிதங்கள் குறைந்துகொண்டே வந்தன. வாரத்துக்கு நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஊர் மறந்துவிட்டது என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நிரல் குப்பையென்று தள்ளுவதில் கண்டிப்பாகிக்கொண்டே போகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

தம்பி போய்ப் பதினாறு மாதம் கழித்துப் போலீசிலிருந்து மாமாவுக்கு அழைப்பு வந்தது. ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு ஊர். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஆள் ஒருவர் நாலு மாதத்துக்கு முன்னால் இறந்திருக்கிறார். பழைய கோப்புகளை ஒத்துப் பார்க்கையில் படம் பொருந்துவது போல இருக்கிறதாம். துணைக்கு நானும் போனேன்.

கோப்பில் இருந்த படம் இறந்தபின் எடுத்தது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். இடது புருவத்தில் வெல்டிங் பொறி பட்ட தழும்பு இருந்தது. "இவன்தான்" என்றார், அட்டையில் எண்ணைச் சரிபார்த்துச் சொல்வது போல. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு ரோட்டில் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பத்தொன்பது நாள் வார்டில் இருந்திருக்கிறான். யாரும் கேட்டு வராததால் நகராட்சியே அடக்கம் செய்துவிட்டது.

வார்டைப் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு உதவியாளர் அம்மா, விஷயம் தெரிந்ததும் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களையே பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"நீங்கதான் அந்த அக்காவா? பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே, அந்த மெயிலுக்கு மூணு தடவ எழுதினேன். எனக்கு எழுதத் தெரியாது, என் பொண்ணு போன்ல போட்டுக் குடுத்தா. பதிலே வரல. உங்களுக்கு வேணாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அந்த வார்டில் வேண்டாம் என்று விடப்பட்டவர்கள் பலரை அவர் பார்த்திருப்பார். போனை எடுத்துக் காட்டினார். அனுப்பியது மூன்றும் அதில் இருந்தது. தலைப்பு இல்லை. மூன்றாவதில் ஒரு படமும் இரண்டு வரியும். ஜன்னலோரக் கட்டிலில் தம்பி உட்கார்ந்திருக்கிறான், தாடி, கண் கேமராவைப் பார்க்கிறது. கீழே, 'இவர்தானா பாருங்க. பேர் கேட்டா சொல்லல, அக்கா அக்கான்னு மட்டும் சொல்றாரு.'

அக்கா அந்த இரண்டு வரியையும் படித்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்து, நீங்களும் படியுங்கள் என்றார்.

திரும்பி வந்த மறுநாள் காலை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் ஏற்கெனவே போட்டிருந்தது. "அது எங்க போச்சு?" என்று கேட்டார். அந்த நிரல், தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்தேன். வார்டு உதவியாளரின் முகவரி மூன்று இடத்தில் இருந்தது. மூன்றுக்கும் நேரே, 'குப்பைக்கு நகர்த்தப்பட்டது' என்று இருந்தது. அதற்கடுத்து வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், மாலை ஐந்து மணி, ஐந்தே கால் மணிக்கு, குப்பை காலி செய்யப்பட்டது என்று இருந்தது. மூன்றாவது கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்திருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எனக்கு நினைவிருந்தது. திரைச்சீலை வாங்கக் கடைக்குப் போக வேண்டும் என்று என் மனைவி கீழே வண்டியில் காத்திருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, ஒண்ணும் இல்லக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தக் கடிதம் இருந்த நாளில் அவன் உயிரோடு இருந்தான். அதற்கப்புறமும் ஆறு நாள் இருந்தான்.

தேதிகளை அக்கா விரல் வைத்துப் படித்தார். அவர் கண்ணுக்கு எது தப்பும்?

"அக்கா, நான் பாக்கல" என்றேன். "பாத்தேன்னு சொன்னதெல்லாம் பொய். மேலாப்புல பாத்துட்டு அழிச்சிட்டேன். ரொம்ப நாளா அப்படித்தான் செஞ்சேன்."

என்னை அடித்திருக்கலாம். பின்னாலிருந்த மாமாகூட ஒரு அடி முன்னால் வைத்தார். அக்கா திரும்பவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்க வேணாம்னு கேட்டது நான்தான். அந்தப் பொணப் படம் அனுப்புறவன மாதிரி வர்றத எல்லாம் தள்ளுன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். தலைப்பில்லாம, படத்தோட, ரெண்டு வரி." தேதிமேல் இருந்த விரலை எடுத்துவிட்டு, "நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. அவ்ளோதான்" என்றார்.

திட்டியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. இன்றுவரை செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பட்டறையில் என் மேசைக்கு வந்து, வேறு மெயில் நிரல் வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. தம்பிதான் இல்லை என்று ஆகிவிட்டதே, இனி யார் என்ன எழுதி என்ன? நோட்டீஸ் இன்னும் எல்லா ஊரிலும் ஒட்டியிருக்கிறது, ஆட்கள் எழுதத்தான் செய்வார்கள் என்றார். இந்த முறை அட்டையின் முதுகில் ஒரே ஒரு தேவைதான் எழுதியிருந்தது: எதையும் அதுவாக ஒதுக்கக் கூடாது.

மறுத்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு மறுப்பது? தேடிப்பிடித்து ஒன்று போட்டேன். ஃபோல்டர் கிடையாது, விதி கிடையாது, குப்பை கிடையாது. வருவதெல்லாம் வந்த வரிசையில் அப்படியே நிற்கும். அழிக்கும் பொத்தானையும் மறைத்துவிடச் சொன்னார். அவர் கேட்டதற்கு அதைவிடப் பொருத்தமான நிரல் உலகத்தில் இல்லை.

அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து எல்லாவற்றையும் படித்தார். விளம்பரத்தைப் படித்தார். வசவைப் படித்தார். பிணங்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இது நல்லதுக்கில்லை என்று மாமா சொல்லிப் பார்த்தார், கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கியும் பார்த்தார். அக்கா சத்தம் போடாமல் திரும்பச் சொருகினார். பட்டறையில் அட்டை எழுதும்போது எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன என்று ஒருநாள் அவரே முதலாளியிடம் போய், இனி என் கண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லி நாற்காலியை ஒப்படைத்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வந்த புதுப் பெண்ணுக்கு மூன்று நாள் உட்கார்ந்து வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வேலை இல்லாமல் போனதும் காலை முழுக்க அந்தத் திரைதான். எதையும் தள்ளாமல் படித்துப் படித்து, எது பொய் எது நிஜம் என்று பிரிக்கிற இடம் அவருக்குள்ளேயும் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். கோப்பிலிருந்த படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், தழும்பு யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும், கண் மூடியிருந்தது, மூடிய கண்ணைப் பார்த்து என்ன சொல்ல முடியும் என்பார். அடக்கம் செய்த இடத்தில் ஓர் எண் மட்டும்தானே இருக்கிறது என்பார். அப்படியென்றால் வார்டம்மா எடுத்த படம்? அதைப் பற்றிக் கேட்க மாமாவுக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. நேற்று உங்கள் தம்பியை ரயில் நிலையத்தில், ஒன்றாம் பிளாட்பாரத்தில் பார்த்தேன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நாங்கள் நோட்டீஸ் ஒட்டிய ஊர்களில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்றார் அக்கா. மாமா வாசலில் வந்து என்னிடம் சொன்னார்.

"போகலன்னா தனியா கிளம்பிடுவா. கூடப் போயிட்டா, திரும்பக் கூட்டிட்டாவது வரலாம்."

நானும் போனேன். ஒன்றாம் பிளாட்பாரத்தில் ஒரு ஆள் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிழிந்த குடை ஒன்றை மடியில் வைத்துக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தம்பியின் சாயல் எங்கேயும் இல்லை. அக்கா அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாளாக இங்கே, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வீட்டில் யாராவது தேடுவார்களா என்று கேட்டதற்கு, தேட யாரும்மா இருக்கா என்று சொல்லிவிட்டுக் குடையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அரை மணி நேரம் அக்கா அவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு வண்டிகள் வந்து போயின. பிறகு எழுந்து வந்தார்.

திரும்பும்போது வண்டியில் கூட்டம் இல்லை. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, லிஃப்ட் கயிற்றில் காய்த்துப்போன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் எதிரில். 

"ஒண்ணாம் பிளாட்பாரம்னுதான எழுதியிருந்தாங்க?" என்று அக்கா கேட்டார்.

"ஒண்ணுதான்" என்றார் மாமா.

"நாம ரெண்டுலயும் ஒரு பார்வை பாத்திருக்கலாம்" என்றார். "சரி, அடுத்த வாரம் பாப்போம்."

மாமா சரி என்று தலையை ஆட்டினார்.